சித்திரைப் பௌர்ணமிக்கு ஊருக்குப் போன அண்ணி

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது செருப்புகள்தான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் அண்ணன் வீட்டு வாசலில், பௌர்ணமி சாயங்காலம் ஐந்து மணிக்குள் முப்பது நாற்பது ஜோடி சேர்ந்துவிடும். மலையைச் சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். செருப்பை எங்கேயாவது விட்டுத்தானே ஆகவேண்டும். சொந்தக்காரன் வீடு பாதையிலேயே இருக்கும்போது வேறெங்கே விடுவார்கள்? அண்ணி அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சுவரோரம் வரிசையாக வைப்பாள். ஆரணிப் பெரியப்பா ஒருமுறை இடது காலில் தன் செருப்பையும் வலது காலில் போளூர் மாமாவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போன பிறகு வந்த ஏற்பாடு அது. போளூர் மாமா மிச்சமிருந்த ஜோடியைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று வெறுங்காலோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பேருக்கும் செருப்பைக் காத்துக் கொடுத்த அண்ணி, கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பௌர்ணமி அன்றுகூட மலையைச் சுற்றியதில்லை.

கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். "உனக்கென்னம்மா, மலையடியிலேயே இருக்க. நெனச்சா சுத்தலாம்" என்று வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டு, குளிக்க வெந்நீர் இருக்கிறதா என்று கேட்பார்கள். அண்ணன் அரசுப் பஸ் ஓட்டுகிறவர். பௌர்ணமிக்கு சிறப்புப் பேருந்து விடுவதால் அன்றைக்கு அவருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. ஊரெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றிவந்து கொட்டிக்கொண்டே இருப்பார். அவர் கொண்டுவந்து இறக்குகிறவர்களில் பாதிப் பேர் தன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று அண்ணி கேலி பேசுவாள். இன்னொரு விஷயமும் உண்டு. அண்ணியின் தாய்வீடு அதே அடி அண்ணாமலையில் இரண்டு தெரு தள்ளி. மற்ற பெண்களைப் போல மே மாத லீவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு "ஊருக்குப் போறேன்" என்று சொல்ல அவளுக்கு ஊரே இல்லை. அம்மா வீட்டுக்குப் போனாலும் குக்கர் விசில் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவந்துவிடலாம், அவ்வளவு தூரம்தான்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் தயாரில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், குடியிருப்பதும் அங்கேயேதான். எந்த ஆபீஸ் சிநேகிதி கிரிவலம் வருகிறேன் என்றாலும், "எங்க அண்ணி வீடு பாதையிலேயே இருக்குது, பைய வச்சுட்டு நிம்மதியாப் போங்க" என்று தாராளமாக முகவரி கொடுத்தவள் நான். அவள் வீட்டை வைத்து நான் நல்ல பெயர் வாங்கினேன். சிநேகிதிகள் அடுத்த நாள் ஆபீஸில், "உங்க அண்ணி புளிசாதம் இருக்கே, அடடா!" என்று சொல்லும்போது நானே கிளறினதுபோல் சிரித்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது சொல்ல.

அந்த வருடம் பங்குனிப் பௌர்ணமிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, நடந்து முடித்துவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் முட்டிக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள். "அடுத்த மாசம் நாங்க வர்லம்மா. இனிமே நடக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர்" என்றார். பிறகு வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். "நீயும்தான் ஒரு தடவ பாண்டிக்கு வாயேன். கடலப் பாரு, நாலு நாள் இரு. யாரு வேணாம்னாங்க?" இதை அவர் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போதும் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வதால் அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அன்றைக்கு அண்ணி தைல பாட்டிலை மூடிக்கொண்டே, "வர்றேன் மாமா" என்றாள். சித்தப்பாவின் காதில் அது விழவே இல்லை என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "பாப்பா, சித்திரைப் பௌர்ணமிக்கு லீவு போடு. நானும் நீயும் எம் பொண்ணும் பாண்டிச்சேரி போறோம்." எனக்கு நாற்பத்தொரு வயது, அண்ணிக்கு நான் இன்னமும் பாப்பாதான். சித்திரைப் பௌர்ணமி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாக ஊர் நிரம்பி வழியும் நாள் அது. வேறு ஏதாவது சனி ஞாயிறு பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "மத்த நாள்ல போனா அது சும்மா ஊர் சுத்தறது. பௌர்ணமியன்னிக்குப் போனாத்தான் எனக்கு லீவு" என்றாள். சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? சொந்தக்காரங்க சொல்லிட்டா வருவாங்க?" என்றாள். எத்தனை பௌர்ணமியாக அந்த வார்த்தையை மனத்தில் வைத்திருந்தாளோ, ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னாள்.

அண்ணன்தான் ஆடிப்போய்விட்டார். "வர்றவங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று அவர் கையைப் பிசைய, "ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி. அந்த மனிதர் வாய்க்குள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனைவியைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் இந்த மாதம் யாரும் வரவேண்டாம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் தைரியம் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, யாராவது வந்தால் திறந்துவிடச் சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினாள். அதற்கு முந்தின நாள் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் புளிக்காய்ச்சல் செய்து வைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா என்ன?

காலை ஏழு மணிக்கே பாதையில் கூட்டம் தொடங்கிவிட்டது. பௌர்ணமிக்கு வெளியூர் பஸ்களை ஊருக்குள் விடமாட்டார்கள். செஞ்சி ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் போனோம். அங்கே நான் பார்த்த காட்சியை மறக்கவே மாட்டேன். பஸ் மேல் பஸ்ஸாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கிறது, தலை தலையாக ஜனங்கள் ஊரைப் பார்த்து நடக்கிறார்கள், நாங்கள் மூன்று பேர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறோம். பாண்டிச்சேரி பஸ்ஸில் எங்களைத் தவிர ஏழு பேர் இருந்தால் அதிகம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, உலகமே உள்ள வருது, நீங்க வெளிய போறீங்க?" அண்ணி ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கு மல வீட்டுக்கு எதுக்கவே இருக்குதுங்க. நாங்க கடலப் பாக்கப் போறோம்" என்றாள். ஆளுக்கொரு மூன்று பேர் சீட். அண்ணியின் பெண் அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். அவள் ஒரு சீட்டில் நீட்டிப் படுத்தே விட்டாள். எதிரில் திணறிக்கொண்டு வந்த பஸ்களை அண்ணி செஞ்சி வரைக்கும் எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

பாண்டிச்சேரியில் சித்தப்பா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய் நின்றபோது மணி பன்னிரண்டு. வீட்டுக்குக் கை நிறையத் திராட்சையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கியிருந்தோம். கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. அண்ணி அந்தப் பூட்டைத் தொட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கடைக்குப் போயிருப்பார்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணியின் போன் அடித்தது. சித்தப்பா. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, வீட்டுல ஆளக் காணோம்? டீக்கடைப் பொண்ணு கதவத் திறந்து விடுது. எங்க போயிட்ட?"

"நீங்க வர்லன்னு சொன்னீங்களே மாமா?"

"முட்டி கொஞ்சம் பரவால்லம்மா. சித்திரைப் பௌர்ணமிய விட மனசு வர்ல, கிளம்பி வந்துட்டோம். நீ எங்க இருக்க?"

"பாண்டிச்சேரில."

"பாண்டிச்சேரிலயா! யார் வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான். வாசல்ல நிக்கிறேன். பெரிய பூட்டாப் போட்டிருக்கீங்க."

செஞ்சிக்கு முன்னாலோ பின்னாலோ எங்கள் பஸ்ஸும் அவர்கள் பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. அண்ணி எண்ணினதில் ஒன்று அவர்களுடையதாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு சித்தி போனைப் பிடுங்கிக்கொண்ட சத்தம் கேட்டது. "ஏம்மா, வர்றதுன்னா ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா?" என்றாள் சித்தி. "நீங்க எப்ப அத்த போன் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி. சண்டைக் குரலே இல்லை. தெரியாமல் கேட்பவள் மாதிரிதான் கேட்டாள். சித்தி கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, இப்ப என்னா பண்றது? ஆரணிக்காரங்க, போளூர்க்காரங்க எல்லாம் வந்துடுவாங்களே. நீ அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துடும்மா" என்றாள்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. "அண்ணி, இப்பவே கிளம்பினா அஞ்சு மணிக்குள்ள போயிடலாம்" என்று நானும் சொன்னேன். அவளுக்காக லீவு போட்டுக் கூட வந்தவளும் நான்தான், அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தவளும் நான்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். இப்போது திரும்பிப் போனால் இனி ஜென்மத்துக்கும் கிளம்ப மாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் வாயைத் திறப்பதற்குள் அவளே போனில் பேச ஆரம்பித்துவிட்டாள். "அத்த, அரிசி நீல டிரம்ல இருக்குது. ஆறு படி போட்டாச் சரியா இருக்கும். புளிக்காய்ச்சல் பிரிட்ஜுல பண்ணி வச்சிருக்கேன். பாய் எல்லாம் பரண்ல. மோட்டர் சுவிட்ச ரெண்டு தடவ போட்டாத்தான் தண்ணி ஏறும். ஆரணிப் பெரியப்பாவுக்கு சக்கர கம்மியாப் போடுங்க. அப்புறம்..." என்று மூச்சு விட்டுக்கொண்டாள். "உங்க வீட்டுச் சாவி எங்க இருக்குது?"

தெருவில் நின்று நான் கை தட்டினேன். பெண் விசில் அடித்தாள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டம்மா சித்தியிடம் போனில் இரண்டு முறை விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் கொடுத்தார். கொடுத்த கையோடு மூன்று பேருக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். அண்ணி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தவளைப் பெண் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு. சமையலறைப் பக்கம் அண்ணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்கு நடந்து போனோம். பாறைகள் அடுக்கிய கரையில், அலை தெறிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டோம். போன் மட்டும் ஓயவில்லை. கடுகு எங்கே என்று சித்தி கேட்டாள். "கடுகு டப்பால பெருங்காயம் இருக்கும் அத்த. காபித்தூள் பாட்டில்ல பாருங்க." அடுத்து, இருபத்தாறு பேர் வந்தாச்சு, பாய் போதவில்லை என்று ஒரு போன். அடுத்து, என் ஆபீஸ்காரிகள் மூன்று பேர் வந்து என் பெயரைச் சொல்லி நிற்கிறார்கள், உள்ளே விடலாமா என்று ஒன்று. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்த நேரத்தில் பெண் "அம்மா, அங்க பாரு" என்றாள். தண்ணீருக்கு மேலே நிலா வந்துகொண்டிருந்தது. தட்டு அளவுக்குப் பெரிதாக, செம்மண் நிறத்தில், அதற்கும் கடலுக்கும் நடுவில் எதுவுமே இல்லாமல்.

அடி அண்ணாமலை, மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். எங்கள் நிலா மலையைத் தாண்டித்தான் வரவேண்டும். மற்ற ஊர்களுக்கெல்லாம் வந்த பிறகு, ஏறி வெளுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்த ஒரே ஊரில். அவள் நிலா உதிக்கிறதைப் பார்த்ததே கிடையாது. பௌர்ணமி வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓடியவள், பௌர்ணமி நிலா வருவதை அன்றுதான் பார்த்தாள். நிலா முழுசாக மேலே வரும்வரை பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு வர இன்னும் நேரம் ஆகும். அவங்கள்லாம் அங்க காத்துட்டிருக்காங்க, நாம முன்னாடியே பாத்துட்டோம்" என்றாள். ஜெயித்தவள் குரல் அது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பினோம். கூட்டம் வடிந்திருந்தது. வாசலில் சித்தப்பா ஒரு நாற்காலி போட்டு, மிச்சமிருந்த செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். அவர் மலையைச் சுற்றவே இல்லை. ஆட்கள் வந்தபடி இருந்தார்களாம். மோட்டர் போடுவதும் பாய் இறக்குவதுமாகவே பொழுது போய்விட்டதாம். அண்ணி மன்னிப்புக் கேட்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. "இருபத்தொம்போது பேரும்மா" என்றார் சித்தப்பா. "சாப்பாடு நல்லா இருக்குன்னான், வெந்நி பத்தலன்னான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், நீ நடக்கலையான்னு கேக்கல." சொல்லிவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அவரும் இருபது வருடமாக அதைக் கேட்காதவர்தான். சித்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, "வாம்மா, கை கால் கழுவிட்டு உக்காரு, இலை போட்டிருக்கேன்" என்றாள். தன் வீட்டுக் கூடத்தில் அண்ணி இலைக்கு முன்னால் உட்கார, சித்தி பரிமாறினாள். ரசம் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. அண்ணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு வீட்டார் முந்தின நாளே வந்து அடுப்பை எடுத்துக்கொள்வார்கள். போன் பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். அண்ணி வருடத்துக்கு இரண்டு முறையாவது ஊருக்குப் போகிறாள்; போளூர், ஆரணி, வேலூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, பாண்டிச்சேரிக்கு மட்டும் நான்கு தடவை. அண்ணன் "அவ ஊருக்குப் போயிருக்கா" என்பதை இப்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார். முறை போட வேண்டும் என்று சொன்னது சித்தப்பா. முதல் முறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது வைகாசிப் பௌர்ணமி. நானும் சித்தியும் சமையலறையில் இருந்தோம். அண்ணி தன் வீட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்கியிருக்கலாம், மாட்டேன் என்றுவிட்டாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் போலவே டவுனுக்குப் போய், ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, அங்கிருந்து ஆரம்பித்தாள். மூன்று மணிக்குக் கிளம்பியவள் ஆறு மணிவாக்கில் அண்ணன் வீட்டைத் தாண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு சொம்பு மோரோடு நான் கேட்டில் போய் நின்றேன். கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. அதன் நடுவில் அண்ணி வந்தாள். நெற்றியெல்லாம் விபூதி, புடவைக் கரையில் புழுதி, முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. "அண்ணி! உள்ள வாங்க, ரெண்டு நிமிஷம் உக்காந்து மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று கத்தினேன்.

அவள் ஓரமாக வந்து, நடந்தபடியே சொம்பை வாங்கி, நிற்காமல் மடமடவென்று குடித்தாள். நான் பத்தடி கூடவே ஓடினேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள வந்தா அடுப்பப் பாப்பேன் பாப்பா. நான் வர்ல" என்றாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள். கூட்டத்தில் அவள் தலை எது என்று தெரியாமல் போகும்வரை அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து சித்தி கூப்பிட்டாள். புதிதாக ஆறு பேர் வந்திருந்தார்கள்.